மழலையர் ஆசிரியராக நிறைவான பணிவாழ்வை அமைத்துக்கொள்வது எப்படி?

மழலையர் ஆசிரியராக விரும்புபவர்கள், எந்தப் படிப்புக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால், வீட்டுக்கு அருகில் உள்ள அங்கன்வாடியிலோ மழலையர் பள்ளியிலோ அனுமதி கேட்டுக்கொண்டு பத்து நாட்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ‘எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்’ என்பது மட்டும் இந்தப் பணிக்குப் போதுமான தகுதி ஆகாது. காலை ஒன்பதரை மணிக்கு மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருக்க, நான்காவது குழந்தை கால்சட்டையை நனைத்துவிட்டுத் திகைத்து நிற்க, ஐந்தாவது குழந்தை தான் அடுக்கிய கட்டைகளைக் காட்டுவதற்காகச் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும்போது, முதலில் யாரிடம் போவது என்று முடிவெடுப்பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. பத்தாவது நாள் மாலையிலும் ‘நாளைக்கும் வர வேண்டும்’ என்று தோன்றினால் தயங்காமல் இறங்கலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய முன்பருவக் கல்விக்கென ஓர் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை வகுத்திருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் அதில் சேரலாம். வேலைக்குப் போய்க்கொண்டோ கைக்குழந்தையை வைத்துக்கொண்டோ படிக்க வேண்டியவர்களுக்கு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் மழலையர் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் ஏற்றது. குழந்தை தானே கருவிகளைக் கையாண்டு கற்கும் மாண்டிசோரி முறையை நாடுபவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. அதை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். உலகப் போரினால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கியிருந்தார். அத்தனை ஆழமாக இங்கே வேரூன்றிய முறையாக இருந்தும், அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ள முடியும் என்பதால், மூன்றே மாதத்தில் சான்றிதழ் என்று விளம்பரம் செய்யும் இடங்களில் ஏமாந்தவர்கள் பலர். சான்றிதழை வழங்குவது யார், உண்மையான வகுப்பறையில் எத்தனை நாள் மேற்பார்வையுடன் பயிற்சி உண்டு, கருவிகளை நம் கையால் பயன்படுத்திப் பழக விடுவார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

அரசுப் பணியை விரும்புபவர்களுக்கு அங்கன்வாடி இருக்கிறது. முன்பருவக் குழந்தைகளின் வளர்ச்சி குறித்து மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972இல் அளித்த அறிக்கை, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அடித்தளமானது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. 2025ஆம் ஆண்டுப் பணியமர்த்தலில் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 25 முதல் 35 வரையிலான வயதும் கேட்கப்பட்டன. முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியமும், அதன்பின் படிப்படியாக உயரும் சிறப்புக் காலமுறை ஊதியமும் என்று அறிவிக்கப்பட்டது. பாட்டும் கதையும் மட்டும் அங்கே வேலையன்று. எடை பார்த்து வளர்ச்சிப் படத்தில் குறிப்பது, சத்துமாவு வழங்குவது, முட்டையும் சோறும் குழந்தையின் வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது, கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய் வருவது எல்லாம் அதில் அடங்கும். பதிவேட்டுச் சுமைக்கு நடுவிலும் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தை உயிரோடு நடத்தும் பணியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த மாநிலத்தின் மிகத் தேவையான வகுப்பறை அவர்களுடையதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தனியார் பள்ளியில் சேர்பவர்கள் நேர்காணலுக்குப் போகும் அன்றே வகுப்பறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அலமாரி குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, கழிவறைக் குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் 20 பேருக்கு ஒருவர், மூன்று வயதுக்குக் கீழே 10 பேருக்கு ஒருவர் என்பது 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை சொல்லும் அளவு. நான் முதலில் சேர்ந்த பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பில் நாற்பத்து மூன்று குழந்தைகள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு கோடு நோட்டில் நாளுக்கு இரண்டு பக்கம் எழுத்து வேலை. என் நாள் முழுவதும் பிஞ்சுக் கைகளைப் பிடித்து எழுத வைப்பதிலேயே கழிந்தது. ஒரு பெண் குழந்தை நோட்டைக் கண்டாலே கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். அந்த ஆண்டு முடிந்ததும் அங்கிருந்து விலகினேன். அவளுக்கு நான் செய்தது சரியில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அந்த வயதில் மணிக்கட்டின் சிற்றெலும்புகள் முழுதாக உருவாகியிருப்பதில்லை. பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதில் வட்டத்தையும், நான்கு வயதில் கூட்டல் குறியையும், ஐந்து வயதை ஒட்டி முக்கோணத்தையும் பார்த்து வரையத் தொடங்குகிறார்கள். ஆகவே மாவு பிசைவது, மணி கோப்பது, துணி பிழிவது, தரையில் சாக்கட்டியால் பெரிது பெரிதாகக் கோடு இழுப்பது ஆகியவற்றுக்குப் பிறகே பென்சில் வர வேண்டும். எழுத்துக்கு வரும்போதும் ‘அ’வின் சுழிப்பைவிட ‘ட’, ‘ப’ போன்ற நேர்கோட்டு எழுத்துகள் குழந்தையின் கைக்கு எளிதாக வரும்.

இந்தத் தொழிலில் ஒருவரை வளர்த்தெடுக்கும் திறன் எது என்று கேட்டால், குழந்தையைப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதிவைப்பது என்பேன். பாட்டு, பொம்மலாட்டம், கைவேலை எல்லாவற்றையும் பிறரிடமிருந்து ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். இதற்குத்தான் ஆண்டுகள் ஆகும். ஒரு சிறு நோட்டை இடுப்பிலோ பையிலோ வைத்துக்கொண்டு, நாளுக்கு மூன்று குழந்தைகளைப் பற்றி மட்டும் இரண்டிரண்டு வரி எழுதுங்கள். ‘கணக்கில் கெட்டிக்காரன்’ என்று எழுதினால் அதை வைத்து மறுநாள் எதுவும் செய்ய முடியாது. என் நோட்டில் உள்ள ஒரு குறிப்பு இது: ‘10.20 மணி. ஏழு புளியங்கொட்டை. ஐந்து வரை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். ஆறாவதைத் தொடாமலே ஆறு, ஏழு, எட்டு என்றான். நான் பேசவில்லை. கொட்டைகளை வரிசையாக வைத்து மறுபடி எண்ணினான், ஏழில் நின்றான்.’ அவனுக்கு எண்களின் பெயர் வரிசை தெரியும், ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற பொருத்தம் ஐந்தைத் தாண்டினால் நழுவுகிறது, பொருள்களை வரிசையாக வைத்தால் தானே சரிசெய்துகொள்கிறான் என்ற மூன்று செய்திகளை அந்தச் சில வரிகள் சொல்லிவிட்டன. மறுநாள் முட்டை அட்டையை எடுத்துவந்து, குழிக்கு ஒரு கொட்டை போட வைத்தேன். அவனுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

பெற்றோரிடம் பேசுவதற்கும் இந்த நோட்டுதான் துணை. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ, பி, சி, டி எல்லாம் எழுதுது, எங்க பையன் விளையாடிட்டே இருக்கானே டீச்சர்’ என்று ஓர் அம்மா கேட்டால், கல்விக் கொள்கையை விளக்கத் தொடங்காதீர்கள். ‘உட்காருங்கம்மா’ என்று சொல்லி, ஜூன் மாதத்தில் அவன் வரைந்த கிறுக்கலையும் அக்டோபரில் வரைந்த, கை கால் முளைத்த அப்பாவையும் அருகருகே வைத்துக் காட்டி, இடையில் அவன் விரல்கள் என்னென்ன வேலை செய்தன என்பதை நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். கோபமாக வந்தவர்கள் அந்தத் தாளை மடிக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தை, கண்ணைப் பார்க்காத குழந்தை, மூன்று வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை ஆகியோரைப் பற்றிய குறிப்புகளைக் காட்டி, தள்ளிப்போடாமல் பெற்றோரிடம் தனியே பேசுங்கள். நோயின் பெயர் எதையும் நாம் சொல்லக் கூடாது. பார்த்ததைச் சொல்லி, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு உதவும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ அனுப்புவதே நம் பங்கு. அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க மருத்துவக் குழு வருகிறது. அந்த நாளில் நோட்டு கையில் இருக்கட்டும்.

ஊதியத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். தனியார் மழலையர் பள்ளிகள் பலவற்றில் சம்பளம் குறைவு. ஆனாலும் சேவை என்று சொல்லி உரிமைகளை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பணி நியமனக் கடிதத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனத்தில் வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பணியிலிருந்து விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை ஆசிரியர்களுக்கும் உண்டு என்று 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் அது உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஐந்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர்களுக்குப் பாதைகள் பிரிகின்றன. அங்கன்வாடியில் தகுதியும் பணிமூப்பும் உள்ளவர்கள் மேற்பார்வையாளராக உயரலாம். இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற பட்டயம் படித்து, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வியாளராகலாம். புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரலாம். சொந்தமாகப் பள்ளி தொடங்கும் ஆசை உள்ளவர்கள், வேறொருவரின் பள்ளியில் ஓராண்டாவது சேர்க்கை, கட்டணம், வாகனம், சமையலறை ஆகிய நிர்வாக வேலைகளைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. எந்தப் பாதையானாலும் வகுப்பறையை முற்றிலும் விட்டுவிட வேண்டாம். வாரத்துக்கு ஒரு காலையாவது தரையில் உட்காராத பயிற்சியாளரின் பேச்சில் குழந்தை இருப்பதில்லை.

தொண்டையையும் இடுப்பையும் காத்துக்கொள்ளுங்கள். கத்தி அழைப்பதற்குப் பதில் ஒரு சிறு மணியோ கைதட்டலோ பழக்குங்கள். குனிந்து பேசாமல் முழங்காலிட்டுப் பேசுங்கள், குழந்தையின் கண்ணுக்கு நேராக நம் முகம் வருவதற்கும் அதுவே வழி.

ஆண்டு இறுதியில் நோட்டைப் புரட்டி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: எதில் நெடுநேரம் ஆழ்ந்திருப்பான், எதற்குப் பயப்படுவான், அழுதால் எப்படி அடங்குவான், எண்ணிலும் மொழியிலும் எங்கே நிற்கிறான். அந்தப் பக்கத்தைப் பெற்றோரிடம் காட்டி அவர்கள் சம்மதத்துடன் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் பள்ளி திறப்பதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் நாள் காலையில் வாசலில் நின்று அழப்போகும் குழந்தையை, அதன் பெயர் சொல்லி, அதற்குப் பிடித்த பொருளோடு வரவேற்க அவரால் முடியும்.