கத்திரி வெயிலில் கேமரா கடையை நோக்கிக் கிளம்புமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமவெளிப் பகுதிகளில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸையாவது தொட்டால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை என்ற சொல்லையே எடுக்கும். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில், அவை இயங்குவதற்கு ஏற்ற வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். ஆக, மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறந்து 28ஆம் தேதி வாக்கில் விடைபெறும்வரை, வேலூர் போன்ற ஊரில் நண்பகலில் வெளியே போகாமல் இருப்பதற்கு மனிதருக்கும் கேமராவுக்கும் ஏறத்தாழ ஒரே எண்தான் காரணம். அந்த நாட்களில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் லென்ஸ்களின் விலையைப் பார்ப்பதே முழுநேரத் தொழிலாகிவிடுகிறது. நானும் அப்படிப் பல மதியங்களைக் கழித்தவன்தான். இந்தப் பருவத்தில் எழும் ஆசைகளில் பெரும்பகுதி, வெயிலும் அறையும் செய்யும் கோளாறைக் கருவியின் கோளாறு என்று நாம் தவறாகக் கணிப்பதால் வருவது என்பதே அதில் நான் கண்டுகொண்டது.

முதல் தவறு, தொலைவில் இருப்பதை ஜன்னலிலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ நண்பகலில் எடுத்துப் பார்த்து, படம் மங்கலாக இருப்பதால் லென்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டுவது. சூடான தரையிலிருந்தும் கூரைகளிலிருந்தும் எழும் காற்று, அதன் மேலிருக்கும் காற்றோடு ஒரே சீராகக் கலப்பதில்லை. வெப்பம் மாற மாறக் காற்றின் ஒளிவிலகலும் மாறுவதால், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று தொலைவை நெருக்கிக் காட்டும் 300 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால், அதன் சிற்பங்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பவை போல நெளிகின்றன. இதற்கு 600 மில்லிமீட்டர் லென்ஸ் மருந்தாகாது. அது அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஒரே முக்காலி, ஒரே லென்ஸ், ஒரே கோபுரம் என்று வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு ஒரு படமும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு படமும் எடுத்து ஒப்பிட்டால், எத்தனை ஆயிரம் ரூபாய் மிச்சமாயிற்று என்பது தெரிந்துவிடும்.

இதிலேயே பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. ஏசி ஓடும் அறையின் ஜன்னலைத் திறந்து வைத்து, முக்காலியை உள்ளேயே நிறுத்திப் படமெடுத்தால், வெளியேறும் குளிர்ந்த காற்றும் உள்ளே நுழையும் அனல் காற்றும் லென்ஸுக்கு நேர் முன்னால்தான் கலக்கின்றன. அந்தக் கலக்கத்தால், எதிர் வீட்டு முருங்கை மரத்தில் உட்கார்ந்திருக்கும் குயிலின் படம்கூட மழுங்கிவிடும். ஏசியை அணைத்து, அறையின் காற்றும் வெளிக்காற்றும் ஒரே வெப்பத்துக்கு வரும்வரை வியர்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் ஜன்னலை மூடிவிட்டு, லென்ஸின் முகப்புக் கூட்டைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுப்பது அதைவிட மேல்.

வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் குறுக்கே கருமையும் வெளிச்சமுமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்தால், ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சென்சார் பழுதாகிவிட்டது என்று அஞ்சுவது இன்னொரு தவறு. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகளாக ஓடுவதால், மலிவான எல்ஈடி விளக்குகள் வினாடிக்கு 100 தடவை ஒளி கூடிக் குறைகின்றன. அசையும் திரையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிக்கும்போது, ஒரு வரி விளக்கு ஒளிரும் கணத்திலும் அடுத்த வரி மங்கும் கணத்திலும் அகப்பட்டுக்கொள்கிறது. திரை திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100 அல்லது 1/50 வினாடியில் வைத்தால் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். புதிய கேமரா வாங்கினாலும் அதே விளக்கின் கீழ்தானே எடுக்கப் போகிறோம்?

வெளிச்சம் போதவில்லை என்ற குறைதான் பணப்பையை அதிகம் திறக்க வைக்கிறது. வெயிலுக்கு அஞ்சித் திரைச்சீலைகளை இழுத்து மூடிய அறையில், கேமராவின் ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண் 3200க்கு ஏறிவிட, கையிலிருக்கும் எஃப் 1.8 லென்ஸை விற்றுவிட்டு எஃப் 1.4 வாங்கலாமா என்று மனம் கணக்குப் போடுகிறது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக ஒளியை விடும் என்றாலும், அந்த மாற்றத்தால் கிடைக்கும் ஒளி ஏறத்தாழ 1.65 மடங்குதான்; அதாவது ஐஎஸ்ஓ 3200 என்பது 2000 ஆகும். திரைச்சீலையை இரண்டு அடி விலக்கினால் இதைவிடப் பல மடங்கு ஒளி காசில்லாமல் வந்துவிடும் என்பதால், எந்த ஜன்னலை எப்போது திறப்பது என்பதே இங்கே உண்மையான கேள்வி. அதில்தான் புத்தகப் படிப்பு நம்மைக் கவிழ்க்கிறது.

மென்மையான ஒளி வேண்டுமென்றால் வடக்கு ஜன்னலருகே உட்கார வையுங்கள் என்பது ஐரோப்பிய ஓவியக் கூடங்களிலிருந்து புகைப்படக் கலைக்கு வந்த அறிவுரை. அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கில்தான் நிற்கும் என்பதால் அது அவர்களுக்குச் சரி. 1835 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லேகாக் மாளிகையில் புகைப்படக் கலையின் முன்னோடி டால்பட் எடுத்த, இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ்கூட நேர் வெயில் வரும் பக்கமான, அந்த மாளிகையின் தெற்குக் கூடத்து ஜன்னலைக் காட்டுவதுதான். ஆனால் சென்னையும் வேலூரும் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பவை. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய்விட்டு, ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்பி வருகிறது. கொடிக்கம்பத்தின் நிழல் காலடியிலேயே மறையும் நிழலில்லா நாட்கள் இவ்விரண்டும்தான். இடைப்பட்ட அந்த நான்கு மாதங்களிலும் சூரியன் வடகிழக்கில் எழுந்து, நண்பகலில் உச்சிக்குச் சற்று வடக்கே நின்று, வடமேற்கில் மறைகிறது. எனவே கத்திரியின்போது காலையும் மாலையும் நேர் வெயில் புகும் ஜன்னல் வடக்கு ஜன்னல்தான். தெற்கு ஜன்னலில் அது நாள் முழுவதும் நுழைவதில்லை. நான் இரண்டு கோடைகளை வடக்கு ஜன்னலில் திரை கட்டியும் வெள்ளைத் துணி தொங்கவிட்டும் வீணடித்துவிட்டு, ஒளியை மென்மையாக்கும் சாதனங்களின் விலைப்பட்டியலையும் படித்து முடித்த பிறகுதான், சமையலறையின் தெற்கு ஜன்னலில் பகல் முழுவதும் அந்த ஒளி சும்மா கிடந்ததைப் பார்த்தேன். எதிர்ச் சுவர் வெள்ளையடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அது பச்சை வண்ணமாக இருந்தால் முகங்களும் பச்சை பூசிக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குள் எடுக்க ஒன்றுமில்லை என்ற நினைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசெஃப் சூடெக், 1940 முதல் 1954 வரை பிராகிலிருந்த தன் வேலைக்கூடத்தின் ஒரே ஜன்னலைப் பனி படிந்தும் மழை வழிந்தும் இருந்த நிலைகளில் எடுத்துக்கொண்டிருந்தார். நமக்கு வாய்த்திருப்பது மூன்று வாரம்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், கடையின் பக்கத்தைத் திறப்பதற்கு முன் கணினியில் கடந்த ஓராண்டுப் படங்களை லென்ஸ் வாரியாகவும் குவியத் தூரம் (லென்ஸின் மில்லிமீட்டர் எண்) வாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த விவரத்தைப் படக்கோப்பே சுமந்திருக்கிறது. ஜூம் லென்ஸின் 24 மில்லிமீட்டர் முனையிலேயே முட்டி முட்டி நிற்பவருக்கு அகலக்கோண லென்ஸ் தேவைப்படலாம். அந்த முனையைத் தொட்டே பாராதவருக்குத் தேவைப்படுவது வேறு எதுவோ. கோடையில் வாங்குவதில் தனியாக ஓர் இழப்பும் இருக்கிறது. வாங்கிய கருவியை வெளியே கொண்டுபோய்ச் சோதிக்க முடியாமல் அலமாரியில் வைத்திருக்கும் அந்த வாரங்களில், திருப்பித் தருவதற்கான சில நாட்கள் கடந்துவிடும்; உத்தரவாதக் காலமும் ஓடத் தொடங்கியிருக்கும். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். வழக்கமாக வட்டிக்கு ஈடான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டினாலும், கடன் அட்டையின் அந்த வட்டிக்கு வங்கி வசூலிக்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில்தான் விழுகின்றன. வெயில் தணிந்த பிறகு ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

பொழுது போகாமல், கையிலிருக்கும் கருவிகளைத் துடைக்க உட்காருவதும் ஆபத்தில்லாத வேலையல்ல. சுழலும் மின்விசிறிக்கு அடியில் லென்ஸைக் கழற்றி சென்சாரைத் திறந்து வைப்பது, இறக்கையில் படிந்த தூசியை அதற்கு விருந்தாக வைப்பதாகும். வாயால் ஊதினால் எச்சில் துளியும் சேரும். அதைவிட மோசமானது, காட்சியைச் சிறு மின்திரையில் காட்டும் மிரர்லெஸ் கேமராவை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு மறந்துபோவது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் வில்லை, வெயில் நேராகப் பட்டால் பூதக்கண்ணாடி போல அதை உள்ளேயிருக்கும் சிறு திரையின் மேல் குவித்து அழியாத புள்ளிகளாகச் சுட்டுவிடும். மூடி போடாத லென்ஸ் சூரியனைப் பார்த்திருந்தால் ஷட்டருக்கும் சென்சாருக்கும் அதே கதிதான். நிறுத்திய காருக்குள் கேமராவை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி எழுதவே வேண்டாம்.

கடைசியாக, வெப்ப அலை என்றதும் நாள் முழுவதும் போயிற்று என்று நினைப்பது. மே மாதத்தில் இங்கே சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே எழுந்துவிடுவதால், ஐந்தரை முதல் ஏழரை வரை இரண்டு மணி நேரம் கேமராவும் மனிதரும் தாங்கக்கூடிய வெப்பத்தில் கிடைக்கிறது. காற்றும் நெளியாமல் இருக்கிறது. அந்த நேரத்தில் வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிவதைப் பார்த்து, மழைக்கும் தூசிக்கும் தாங்கும் கேமரா வேண்டும் என்று சிலர் தீர்மானித்துவிடுகிறார்கள். ஏசி அறையில் 20 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடியின் மேல் ஈரக் காற்று பட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் வியர்க்கத்தான் செய்யும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் அதிகம். அப்போது சட்டை நுனியால் துடைப்பதும் லென்ஸைக் கழற்றுவதும் ஈரத்தை உள்ளே அழைப்பதில் முடியும். முந்தைய இரவே மின்கலங்களை மின்னேற்றி, கேமராவைப் பைக்குள் வைத்து மூடி, அந்தப் பையை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.