பிபி, சுகர் வரிசையில் நிற்கும் மனச்சோர்வு

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதாமாதம் பிபி, சுகர் மாத்திரை வாங்க வரும் பெரியவர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது அரிது. தூக்கம் வரலை, உடம்பெல்லாம் அசதி, சோறு இறங்கலை என்பார். வயசானால் அப்படித்தான் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதில்தான் டாக்டர்கள் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

கூட வந்தவரைச் சற்று வெளியே உட்காரச் சொல்லுங்கள். மகன் எதிரில் எந்த அம்மாவும் வாய் திறக்க மாட்டார். கேட்க வேண்டியவை இரண்டு: கடந்த 2 வாரமாக மனசு சோர்ந்தே இருக்கிறதா, எதிலும் நாட்டமில்லாமல் போய்விட்டதா? எவ்வளவு அடிக்கடி என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். கூட்டி 3 வந்தாலே, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பிஎச்க்யூ-9 முழுவதையும் கேளுங்கள். அதில் 10 தொட்டால் மனச்சோர்வுக்கு வாய்ப்பு அதிகம். உடம்பில் வேறு காரணம் உண்டா என்று அறிய ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சோடியம் பாருங்கள்.

மொத்தம் எதுவானாலும், சாவு எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ‘சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா தேவலை’ என்பதை வெறும் பேச்சாகக் கடக்காதீர்கள். “உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சீங்களா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. திட்டம் இருந்தாலோ முன்பு முயன்றிருந்தாலோ தனியே விடாமல், அன்றே துணையோடு கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு அனுப்புங்கள்.

மருந்து தேவைப்படும் மற்றவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின் 25 மி.கி. தொடங்கி, ஒரு வாரம் கழித்து 50. பிபிக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எடுப்பவருக்கு இதோடு சேர்ந்து சோடியம் இறங்கலாம்; தள்ளாட்டமும் குழப்பமும் அதன் அடையாளம், 2 வாரத்தில் மறுபடி பாருங்கள். ஆஸ்பிரினோ வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக்கோ சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பழைய மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் கொடுத்தால் சிறுநீர் கட்டலாம், கீழே விழலாம். தூக்கத்துக்கு அல்பிரஸோலம் வேண்டவே வேண்டாம்.

பலன் தெரிய 4 முதல் 6 வாரம், சிலருக்கு 8 வாரமும் ஆகும். குமட்டலோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். ‘ஒண்ணும் கேட்கலை’ என்று நிறுத்துவது இந்த இடைவெளியில்தான். எனவே முதல் வாரமும் இரண்டாம் வாரமும் நர்ஸ் போன் செய்ய வேண்டும், டாக்டர் மறந்துவிடுவார். நான்காம் வாரம் பிஎச்க்யூ-9 மதிப்பெண் 5கூட இறங்காவிட்டால் டோஸைக் கூட்டுங்கள்.

தற்கொலை ஆபத்து குறைவு என்று தோன்றினாலும் 2 வார மாத்திரைக்கு மேல் கையில் கொடுக்காதீர்கள். வீட்டில் மிஞ்சிய மாத்திரையும் இன்சுலினும், பெரியவரிடம் சொல்லிவிட்டே, வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் பின்பக்கம் மனநல உதவி எண்களான டெலி மானஸ் 14416, சினேகா 044-24640050 என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். குணமான பின்னும் குறைந்தது 6 மாதம் மாத்திரை தொடர வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகக் குறையுங்கள்.