கரடுமுரடான மண்பாதையில் கேரவன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரவன் என்று இங்கே சொல்வது, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் வீட்டை. தார்ச் சாலையில் அது சமர்த்தாகப் பின்னாலேயே வந்துவிடும். மண்பாதையில் இறங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. ஓட்டுபவருக்கு வர வேண்டிய அதிர்வைக் காரின் சஸ்பென்ஷனும் மெத்தை இருக்கையும் பெருமளவு விழுங்கிவிடும். பின்னால் வரும் வண்டியில் ஆளில்லை. அங்கே நட்டு கழன்றாலும், ஸ்பிரிங் பட்டை ஒடிந்தாலும், தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டாலும் முன்னால் இருப்பவருக்குச் சேதி வராது. இரட்டை அச்சு கேரவனில் ஒரு டயர் முழுக்கக் காற்றிறங்கினால்கூடப் பக்கத்து டயர் எடையைத் தாங்கிக்கொள்ளும். ரப்பர் கிழிந்து சக்கர மேற்கூட்டைப் பிய்த்தெறிந்த பிறகுதான் கண்ணாடியில் தெரியும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன. காரில் இதமாக இருக்கிறது, அதனால் கேரவனுக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடுகிறோம்.

கேரவன் டயரை மறந்துவிடுவது

மண்பாதையில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் காரின் நான்கு டயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். கேரவன் டயர் தார்ச் சாலைக் காற்றோடு கல்லாக இருக்கிறது. ஒவ்வொரு குழியின் அடியும் டயரில் அமுங்காமல் நேராக அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் சேஸிஸுக்கும் ஏறுகிறது. வெல்டிங் விரிசல் விடுவதற்கு இதைவிட நல்ல வழி வேண்டாம்.

ஒரு தொடக்கக் கணக்கு: தார்ச் சாலையில் 45 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் வண்டி என்றால், சமன்படுத்திய மண் சாலையில் 35 அளவிலும், குறுக்கு வரிகள் நிறைந்த பாதையில் 28 முதல் 32 வரையும், மணலில் 18 முதல் 20 வரையும் வைத்துப் பாருங்கள். எடைக்கும் டயருக்கும் தக்கபடி இது மாறும். கேரவன் உற்பத்தியாளர் கொடுத்திருக்கும் வரம்பைத்தான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைப்பது கட்டாயம். 30 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு மணிக்கு 60 கிமீ வேகத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மணலில் 40ஐத் தொட வேண்டாம். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அந்த மடிப்பு சூடாகும். வேகம் கூடினால் சூடும் ஏறிக்கொண்டே போகும். டயர் வெடிப்பது அதனால்தான்.

சரியான காற்று வைத்திருக்கிறோமா என்று சோதிக்க ஒரு கைக்கணக்கு உண்டு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். லைட் டிரக் வகை டயரில் 6 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். காற்று குறைவு, எடை கூடுதல், வேகம் கூடுதல், இந்த மூன்றில் ஒன்று. கேரவன் டயர்களுக்கும் காற்றழுத்த சென்சார் மாட்டிவிட்டால் பின்னாலிருந்து வராத சேதி வரத் தொடங்கிவிடும். இந்த ஒரு கருவிக்குச் செலவழிக்க யோசிக்கவே வேண்டாம்.

நெளித் தகரம் போன்ற பாதையில் விரட்டுவது

மண் சாலையில் வண்டிகள் ஓடி ஓடி, நெளித் தகரத்தை நீளத்துக்கு விரித்துப் போட்டதுபோலக் குறுக்கு வரிகள் உண்டாகும். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் சுமார் 660 கிமீ நீளும் கிப் ரிவர் சாலை இதற்குப் பெயர்போனது. 80 கிமீக்கு மேல் போனால் சக்கரம் வரிகளின் உச்சியை மட்டும் தொட்டு மிதந்து போகும், ஆட்டமே தெரியாது என்று சொல்வார்கள். காரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது உண்மைதான். ஆனால் உச்சியை மட்டும் தொடும் டயருக்குப் பிடிப்பு குறைவு. பிரேக்கும் ஸ்டியரிங்கும் அந்த அளவுக்கு வேலை செய்யாது. பின்னால் இரண்டரை டன் வண்டி இருக்கும்போது வளைவில் அதுவே தள்ளிவிடும். டயர் காற்றை இறக்கி, ஆட்டம் குறையும் ஒரு வேகத்தை 50 முதல் 60க்குள் தேடிப் பிடியுங்கள்.

இந்தப் பாதையில் முதலில் சாவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை துளை வழியே தள்ளப்பட்டுச் சூடாகி நுரைக்கிறது. நுரைத்த எண்ணெய் அதிர்வை அடக்காது. அதன் பிறகு முழு அடியும் ஸ்பிரிங்குக்குப் போகும். பட்டை ஒடியும் அல்லது ஷாக்கின் மேல் தாங்கி பிய்ந்து வரும். அதனால் மணிக்கொரு முறை பதினைந்து நிமிடமாவது நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் தேநீர் போடுவதற்கு முன்னால் கேரவனைச் சுற்றி ஒரு நடை. புறங்கையை ஒவ்வொரு ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) அருகே கொண்டுபோய், சூடு தாங்கும் என்று தெரிந்தால் மட்டும் தொடுங்கள். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுவதுதான் முக்கியம். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால், பேரிங் தேய்கிறது அல்லது பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. ஷாக்கில் கணக்கு தலைகீழ். மற்ற மூன்றும் சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதுதான் வேலை செய்யவில்லை. பிறகு குனிந்து ஸ்பிரிங்கை அச்சோடு கட்டியிருக்கும் யு போல்ட்டுகளைப் பாருங்கள். நட்டைச் சுற்றி துருப்பொடி போல ஒரு வளையம் தெரிந்தால் அது தளர்ந்து ஆடுகிறது. வீல் நட்டுகளைச் சக்கரம் கழற்றி மாட்டிய 50 கிமீயிலும் 100 கிமீயிலும் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பானர்) போட்டுப் பார்க்க வேண்டும், மண்பாதையில் நாள்தோறும்.

எடையைத் தவறான இடத்தில் வைப்பது

கொக்கியின் மேல் அழுத்தும் எடை, கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. 2,500 கிலோ கேரவனுக்கு 250 கிலோ. இது குறைந்தால் வண்டி வால் ஆட்டத் தொடங்கும். பின் பம்பரில் இரண்டு ஸ்டெப்னி, ஜெனரேட்டர், சைக்கிள், டீசல் கேன் என்று ஏற்றிவிட்டு, அதைச் சமன்செய்ய முன்பக்கப் பெட்டியிலும் எடை போடுவது பலர் செய்யும் தவறு. தராசில் கொக்கி எடை சரியாகவே காட்டும். ஆனால் இரு முனைகளிலும் எடை உள்ள வண்டி ஒருமுறை பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கனமானவை அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும்.

கொக்கி எடை காருக்கு என்ன செய்கிறது என்பதும் கணக்கில் வருவதில்லை. காரின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.85 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் என்றால், 250 கிலோ கொக்கி எடை பின் அச்சில் சுமார் 355 கிலோவாக இறங்கும். கூடுதலாக வரும் 105 கிலோ, நெம்புகோல் போல முன் அச்சிலிருந்து தூக்கப்பட்ட எடை. ஸ்டியரிங் லேசாவது இதனால்தான். பின்பக்கம் தாழ்கிறதே என்று ஸ்பிரிங்குக்கு நடுவே காற்றுப் பை வைத்து நிமிர்த்துகிறார்கள். உயரம் சரியானதுபோல் தெரியும். ஆனால் பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் சுமை, குழியில் விழும்போதெல்லாம் அந்தக் காற்றுப் பை அழுத்தும் ஒரே இடத்தில் சேஸிஸை மடக்கப் பார்க்கும். கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே ஒடுங்கி கீழே அகன்று தெரிந்தாலும், கீழே ஒடுங்கி மேலே அகன்று தெரிந்தாலும், சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியும் எடைதான். 95 லிட்டர் தொட்டி இரண்டு நிரம்பினால் 190 கிலோ. அச்சுக்கு முன்னால் இருக்கும் தொட்டியை முதலில் காலி செய்தால் கொக்கி எடை குறைந்துவிடும். பின்னால் உள்ளதை முதலில் காலி செய்யுங்கள்.

தார்ச் சாலையில் கொக்கி எடையைக் காரின் இரு அச்சுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் கம்பிகள் மாட்டியிருந்தால், கரடுமுரடான பாதை தொடங்கும் முன் கழற்றிவிட வேண்டும். கார் பள்ளத்தில் இறங்கி கேரவன் மேட்டில் நிற்கும் கோணத்தில் அந்தக் கம்பிகளின் இறுக்கம் பலமடங்காகி, கொக்கியையோ முன் சட்டத்தையோ முறிக்கும்.

சாதாரணக் கொக்கியை நம்புவது

50 மிமீ குண்டுக் கொக்கி மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓரளவுக்குத்தான் திரும்பும். கார் இடப்பக்கம் சாய, கேரவன் வலப்பக்கம் சாயும் பாதையில் அது முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் வரும் முறுக்கல் இரும்பை வளைக்கும். மூன்று அச்சிலும் சுழலும் ஆஃப்ரோடு இணைப்பு இதற்காகவே வந்தது. அதற்கும் கிரீஸ் வேண்டும், பூட்டு முள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்க்க வேண்டும்.

பிரேக் கட்டுப்பாட்டை அப்படியே விடுவது

மின்சார பிரேக் உள்ள கேரவனில், காருக்குள் இருக்கும் குமிழ் அதன் வலுவைத் தீர்மானிக்கிறது. தாருக்கு வைத்த அளவு ஜல்லியில் அதிகம். கேரவன் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். பாதை மாறியதும் ஆளில்லாத இடத்தில் 20 கிமீயில் பிரேக் போட்டுப் பார்த்து, சக்கரம் பூட்டாத அளவுக்குக் குறையுங்கள்.

செங்குத்தான இறக்கத்தில் கார் பிரேக்கை மட்டும் மிதித்தால் கேரவன் பின்னாலிருந்து தள்ளி, காரை மடக்கிவிடும். லோ ரேஞ்சில் (நான்கு சக்கர இயக்க வண்டியில் மெதுவாக, வலுவாக இழுக்கும் கியர் நிலை) முதல் கியர், கூடவே கையால் இயக்கும் கேரவன் பிரேக்கை லேசாக அழுத்திப் பிடிப்பது வண்டியை நேராக வைத்திருக்கும். வால் ஆட்டம் வந்தாலும் இதேதான்: கார் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் ஆட்டம் கூடும்.

சூடான ஹப்போடு ஆற்றில் இறங்குவது

ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் ஓரம் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கிரீஸ் பால் போல வெளுத்துவிடும். அதற்கு வழுக்கும் தன்மை போய்விடும். பேரிங் அன்றே கெடாது, சில நூறு கிலோமீட்டர் கழித்து நடுவழியில் கெடும். கரையில் நிறுத்தி ஹப் ஆறும்வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் ஆழத்தையும் அடித்தளத்தையும் நடந்து பாருங்கள். முதலையோ வேகமான நீரோட்டமோ உள்ள இடம் என்றால் நடக்கக் கூடாது, கடக்கவும் அவசரப்படக் கூடாது. பேரிங்கும் சீலும் ஒரு செட் கையில் இருக்கட்டும்.

கல், தூசி, தண்ணீர் பம்ப்

காரின் பின் டயர் தெறிக்கும் கல் கேரவனின் முன்பக்கத்தில் மோதி, திரும்பி வந்து காரின் பின் கண்ணாடியை உடைக்கும். கண்ணாடி ஏன் உடைந்தது என்றே பலருக்குப் புரியாது. காருக்கும் கேரவனுக்கும் நடுவே சாய்வாகக் கட்டும் வலைதான் சரியான தீர்வு. அடியில் தொங்கும் தண்ணீர்த் தொட்டியின் வடிகால் குழாய், பிரேக் ஒயர் இரண்டையும் கெட்டியான உறைக்குள் விட்டுச் சேஸிஸுக்கு மேல்பக்கமாகக் கட்டுங்கள்.

கிளம்பும் முன் தண்ணீர் பம்ப்பின் சுவிட்சை அணைப்பது சின்ன வேலை. மறந்தால், அதிர்வில் ஒரு குழாய் இணைப்பு பிடுங்கிக்கொண்டதும் அழுத்தம் குறைந்ததாக நினைத்துப் பம்ப் ஓடத் தொடங்கும். அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறந்தால் குடிநீர் முழுக்க மெத்தைக்கு அடியில் நிற்கும். காஸ் சிலிண்டர் வால்வும் பயணத்தில் மூடியிருக்க வேண்டும். தூசிக்காகக் கதவின் அடிப்பக்கக் காற்றுத் துளையை டேப்பால் மூடினால், தங்கும் இடத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் பிரித்துவிடுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியேறுவதற்கு அந்தத் துளைதான் வழி.

மாட்டிக்கொண்டதும் குண்டுக் கொக்கியில் கயிறு போடுவது

இந்தத் தவறு உயிரை எடுத்திருக்கிறது. டோ பால் எனும் அந்தக் குண்டு நிதானமாக இழுப்பதற்குச் செய்யப்பட்டது. இழுபடும் மீட்புக் கயிறு கட்டி உதறி இழுக்கும்போது கழுத்தில் முறிந்தால், அந்த இரும்புக் குண்டு பீரங்கிக் குண்டு போல எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துப் போகும். எந்தச் சூழ்நிலையிலும் அதில் கயிறு மாட்டக் கூடாது. எடை குறித்த மீட்பு வளையமும், 4.75 டன் என்று பொறித்த வில் வடிவ ஷாக்கிளும் (முள் போட்டுப் பூட்டும் இரும்புக் கொளுவி)தான் பயன்பட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும், கயிற்றின் நேர்கோட்டில் யாரும் வேண்டாம்.

கேரவன் மாட்டியபடி இருக்கும் காரை உதறி இழுக்கவும் கூடாது. சக்கரம் சுழன்றதும் உடனே காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் அச்சு மணலில் உட்காரும். கேரவன் டயர்களையும் சேர்த்து எல்லா டயருக்கும் முன்னால் மணலை வாருங்கள். காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், காரின் சக்கரங்களுக்கு முன்னால் மீட்புப் பலகை வையுங்கள், லோ ரேஞ்சில் மெதுவாக நகர்த்துங்கள். நகரவில்லை என்றால் கேரவன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கேரவனின் முனையைத் தாங்கும் சின்ன முன் சக்கரத்தின் அடியில் பலகை வைத்து, காரிலிருந்து கேரவனைக் கழற்றுங்கள். காரை உறுதியான தரைக்குக் கொண்டுபோய், வின்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டுக் கேரவனை நேர்கோட்டில் மெல்ல இழுப்பதுதான் பாதுகாப்பு.

தார்ச் சாலை கண்டதும் கிளம்பிவிடுவது

களைப்பில் நேரும் தவறு இது. 28 பிஎஸ்ஐ காற்றோடு தாரில் ஏறி 90 கிமீ பிடித்தால், அரை மணிக்குள் டயர் வெடிக்கக் கூடும். சாலையோரத்தில் நிறுத்தி, கம்ப்ரசர் போட்டு எட்டு டயருக்கும் காற்று நிரப்புங்கள். கழற்றிய கம்பிகளை மாட்டுங்கள். பிரேக் குமிழைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, ஒருமுறை மெதுவாக மிதித்துப் பாருங்கள். பிரேக் டிரம்முக்குள் சேறு இருந்தால் அப்போது கரகரக்கும். கடைசியாக வீல் நட்டுகள், இன்னொரு சுற்று.