செகண்ட் ஹேண்ட் ஆர்15 வி3 எடுக்க போறீங்களா, இதெல்லாம் பாத்துட்டு காசு குடுங்க

செகண்ட் ஹேண்ட்ல ஸ்போர்ட்ஸ் பைக் தேடுற நிறைய பேர் கடைசில யமஹா ஆர்15 வி3-ல தான் வந்து நிக்கிறாங்க, அதனால அத வெச்சே சொல்றேன், கேடிஎம் ஆர்சி 200 பைக் எடுக்கிறவங்களுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும். 2018ல வந்த வி3-ல ஏபிஎஸ் (சடனா பிரேக் புடிச்சாலும் வீல் லாக் ஆகாம பாத்துக்கிற சிஸ்டம்) கிடையாது, 2019ல தான் ரெண்டு வீலுக்கும் சேர்த்து டூயல் சேனல் ஏபிஎஸ் வந்துச்சு, கொஞ்சம் காசு கூட போனாலும் ஏபிஎஸ் உள்ளதையே எடுங்க.

ஃபேரிங், அதாவது வண்டிய மூடியிருக்கிற பிளாஸ்டிக் பாடி, பளபளன்னு இருக்குன்னு மட்டும் மயங்கிடாதீங்க. அடிபட்ட வண்டிக்கு புது ஃபேரிங் மாட்டி ஸ்டிக்கர் ஒட்டிட்டா ஷோரூம் வண்டி மாதிரி ஆயிடும், ஆனா அடிபட்ட தடம் ஃபேரிங்குக்கு பின்னாடி அப்படியே இருக்கும். ஹேண்டில முழுசா ஒரு பக்கம் திருப்புங்க, கழுத்துக்கிட்ட ஹேண்டில் அதுக்கு மேல திரும்பாம தடுக்குற ஒரு சின்ன முட்டு இருக்கும், மொபைல் டார்ச் அடிச்சு ரெண்டு பக்கமும் பாருங்க, அது நசுங்கியோ பெயின்ட் தெறிச்சோ இருந்தா முன்னாடி பலமா அடி வாங்கின வண்டி. "நின்ன வண்டி சாஞ்சிருச்சு ப்ரோ"ன்னு சொல்லுவாங்க, நின்ன இடத்துல சாஞ்சா சாதாரணமா லிவர் நுனி, பார் எண்ட், ஃபுட்ரெஸ்ட் தான் கீறும், முட்டு நசுங்காது. ஃப்ரேம்ல வெல்டிங் போட்ட மாதிரியோ புதுசா பெயின்ட் அடிச்ச மாதிரியோ தெரிஞ்சா எவ்ளோ குறைச்சு குடுத்தாலும் வேணாம், கிளம்பி வந்துருங்க.

அடுத்து இஞ்சின். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லி வைங்க, போனதும் இஞ்சின் கவர தொட்டு பாருங்க, சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்கன்னு சந்தேகப்படலாம். ஸ்டார்ட் பண்ணி சூடானதுக்கு அப்புறமும் நீலமா புகை வந்தா ஆயில் எரியுது, இந்த வண்டில சிலிண்டருக்குள்ள லைனர்னு தனி இரும்பு குழாய் கிடையாது, அதனால பழைய வண்டி மாதிரி சிலிண்டர கடைஞ்சு போர் போட்டு ஓட்ட முடியாது, பிளாக்கே மாத்தணும், செலவு பெருசு. இஞ்சின் சூட்ட தணிக்கிற கூலன்ட் ஊத்துற டேங்க்ல வெறும் தண்ணி ஊத்தி வெச்சிருந்தா அந்த ஓனர் வண்டிய எப்படி பாத்துக்கிட்டார்னு அதுலயே தெரிஞ்சிரும்.

முன் ஃபோர்க்க நாலஞ்சு தடவ அமுக்கி விட்டு பாருங்க, பைப்ல ஆயில் கோடு விழுந்தா சீல் போயிருக்கு. முன் பிரேக்க புடிச்சுக்கிட்டே வண்டிய முன்னும் பின்னும் ஆட்டுங்க, கழுத்துல டக் டக்னு அடிச்சா கோன் செட்ல (ஹேண்டில் திரும்புற இடத்துல இருக்கிற பேரிங்) வேலை இருக்கு. செயின் ஸ்ப்ராக்கெட் பல்லு கூராகி வளைஞ்சிருந்தா, டயர் தேஞ்சிருந்தா பயப்பட வேணாம், இதையெல்லாம் சொல்லி தான் விலைய குறைக்கணும். டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது, மீட்டர்ல 8,000 கிலோமீட்டர்னு காட்டுற வண்டில டயர் வண்டிய விட புதுசா இருந்தா ஏன் மாத்துனீங்கன்னு கேளுங்க, மீட்டர குறைச்சு வெச்சிருக்கலாம்.

ஓட்டி பாக்காம வாங்கவே வாங்காதீங்க. 7,400 ஆர்பிஎம் தாண்டும்போது மீட்டர்ல விவிஏன்னு (அதிக வேகத்துல இஞ்சின் வால்வு திறக்கிற விதத்த மாத்துற சிஸ்டம்) வரணும், பிக்கப்பும் நல்லா இருக்கணும். ஏபிஎஸ் லைட் சாவி போட்டதும் எரிஞ்சு வண்டி நகர்ந்ததும் அணையணும், எரியவே இல்லனாலும் பிரச்சனை தான். காலி ரோட்டுல நேரா போகும்போது ஒரு பக்கமா இழுக்குதான்னும் கவனிங்க.

பேப்பர் விஷயத்துல, சேஸ் நம்பரையும் இஞ்சின் நம்பரையும் வண்டில பாத்து ஆர்சி புக்கோட ஒப்பிட்டு பாருங்க, அரசோட பரிவாஹன் வெப்சைட்ல வண்டி மேல லோன் இருக்கா, சலான், இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். லோன் வண்டின்னா பேங்க் என்ஓசியும் (லோன் பாக்கி இல்லன்னு குடுக்கிற கடிதம்), ஆர்சில இருந்து லோன நீக்குற ஃபார்ம் 35ம் கைக்கு வராம முழு பணம் குடுக்காதீங்க. பெயர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30ல ஓனர் கையெழுத்து உங்க முன்னாடியே வாங்குங்க, ரெண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிக்கங்க, பெயர் மாத்துறத 30 நாளுக்குள்ள முடிச்சிருங்க.