விலை குறைந்த ஏர் பிஸ்டலை உங்கள் கைக்குப் பொருத்துவது எப்படி?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஏர் பிஸ்டல் பழக வரும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்ற பிறகு, வீட்டில் பெண் பிள்ளைகளும் தைரியமாகக் கேட்கிறார்கள். நல்ல வெளிநாட்டு பிஸ்டலின் விலையைக் கேட்டதும் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. விலை குறைந்த பிஸ்டலைக் கொண்டே பல மாதம் நன்றாகப் பழகலாம். அதற்கு மாற்றவேண்டியது பிஸ்டலின் வேகத்தை அல்ல, கைப்பிடியை.

முதலில் சட்டம். 4.5 மில்லிமீட்டர் துளை, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்ற அளவுக்குள் இருக்கும் ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அந்த அளவுக்குள்ளேயே அது இருக்கட்டும். ஸ்பிரிங்கை மாற்றுவது, வால்வைத் திறப்பது, குழலை வெட்டுவது எதுவும் வேண்டாம். வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் 1959 ஆயுதச் சட்டப்படி அதைப் பழுது பார்க்கவே உரிமம் பெற்றவர் வேண்டும். அதில் வீட்டு வேலைக்கு இடமே இல்லை. நாம் இங்கே தொடுவது கைப்பிடி மரத்தை மட்டும்தான்.

வாங்கும்போது நெம்பினால் ஒரே அழுத்தில் காற்றை அடைத்துக்கொள்ளும் வகையைப் பாருங்கள். குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் பிஸ்டல் இன்னும் மலிவு. ஆனால் உள்ளே பிஸ்டன் ஓடி மோதுவதால் சுடும் நொடியில் கை குலுங்கும். புதிதாகப் பழகுபவருக்குத் தவறு தன் கையிலா, பிஸ்டலிலா என்றே தெரியாது.

கைப்பிடி ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்தக் கணக்கு புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன் சைட்டுக்கும், பள்ளம் வெட்டிய பின் சைட்டுக்கும் நடுவே 300 மில்லிமீட்டர் என்று வையுங்கள். கை முழுவதும் நேராக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பெல்லட்டும் (பிஸ்டல் சுடும் சிறு ஈயக் குண்டு) ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் மணிக்கட்டு திரும்பி, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் அது 33 மில்லிமீட்டர் ஆகிவிடும். இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 8 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதாவது நாலு வளையம் போச்சு! நடுவில் உள்ள பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்.

ஆகவே ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பிஸ்டல் அதே கோணத்தில் கையில் உட்கார வேண்டும். கடையில் வரும் பிளாஸ்டிக் கைப்பிடி எல்லோர் கைக்கும் பொதுவாகச் செய்தது, அதனால் யார் கைக்கும் சரியாக உட்காராது.

முதல் சோதனை

பெல்லட் இல்லை, காற்று ஏற்றவில்லை என்று இருமுறை பாருங்கள். வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, வழக்கம்போல் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையை இலக்கு உயரத்துக்குத் தூக்குங்கள். மூச்சை ஒருமுறை விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவில் இருக்கிறதா, இடமா, வலமா, மேலா, கீழா? மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யாமல், பார்த்ததை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். சில முறை செய்தால் ஒரே பக்கம் விலகுவது தெரியும். நாம் செதுக்கப்போவது அந்த விலகலைத்தான்.

மரத்தில் கை வைப்பது

பிஸ்டலோடு வந்த கைப்பிடியை வெட்டாதீர்கள், அதைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். அதன் உள்பக்க வடிவத்தையும் திருகு துளையையும் காகிதத்தில் வரைந்து, நம்ம ஊர் ஆசாரி யாரிடமாவது தேக்குத் துண்டில் இரண்டு பக்கமும் அறுத்து வாங்கிக்கொள்ளலாம். உள்பக்கம் பிஸ்டலின் உலோகத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். அந்த வேலையை ஆசாரியிடமே விடுங்கள். வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் பருமனாகவே வைத்துத் தரச் சொல்லுங்கள். செதுக்குவது நம் வேலை. வேண்டியவை ஓர் அரைவட்ட அரம், 80, 150, 240 எண் உப்புத்தாள், எம்-சீல், கொஞ்சம் கரித்தூள், தேங்காய் எண்ணெய்.

எங்கே செதுக்குவது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. உள்ளங்கையில் எண்ணெய் மெல்லத் தடவி, அதன்மேல் கரித்தூளைப் பூசிக்கொண்டு கைப்பிடியை இயல்பாகப் பிடித்து விடுங்கள். மரத்தில் கரி அழுத்தமாக ஒட்டிய இடம் மேடு. பெரும்பாலும் கட்டைவிரலின் அடிச்சதை இருக்கும் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும், நடு உள்ளங்கை வெறுமையாக இருக்கும். கறுப்பை மட்டும் அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, துடைத்து, திரும்பப் பூசுங்கள். கரி உள்ளங்கை முழுவதும் ஓரளவு சமமாகப் படியும்வரை இதையே செய்யுங்கள். இதில் அவசரம் கூடாது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

பள்ளமாக இருக்கும் இடத்துக்கு எம்-சீல். அது இரண்டு பகுதியாக வரும் ஒட்டுப் பசை. இரண்டையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து மரத்தில் அப்பி, மெல்லிய பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டு, கையுறைமேல் எண்ணெய் தடவி, சுடும்போது பிடிக்கும் அதே அழுத்தத்தில் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் கையின் உருவம் தப்பாகப் பதியும். பிறகு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு உப்புத்தாள் போடுங்கள்.

சுட்டுவிரலுக்கு மட்டும் எதிர் விதி. அது மரத்தைத் தொடவே கூடாது. ட்ரிகரை அழுத்தும்போது விரலின் பக்கவாட்டு மரத்தில் உரசினால் குழல் தள்ளப்படும். ஒரு காகிதத் துண்டு தாராளமாகப் போய்வரும் அளவுக்கு அந்த இடத்தைக் குடைந்துவிடுங்கள்.

கீழே உள்ளங்கை உட்காரும் பலகை, கைப்பிடிக்கு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். கையைக் கவ்வுகிற மாதிரி மேல்நோக்கி வளைக்கக் கூடாது. கைப்பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தொடவோ கையைச் சுற்றி வளைக்கவோ கூடாது. போட்டியில் பிஸ்டலை 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்கள், எடையும் 1500 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஆகவே கைப்பிடியைத் தடிப்பாக விட்டுவிடாதீர்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் துண்டு எளிதாகக் கிடைக்கிறது என்று கைப்பிடியில் ஒட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோல் அமுங்கும், வியர்வையில் ஊறும், காலையில் இருந்த பிடி மதியம் இருக்காது. வார்னிஷும் வேண்டாம், கத்திரி வெயிலில் கை வழுக்கிக்கொண்டே போகும். கூரான பஞ்ச் ஒன்றால் மரத்தில் நெருக்கமாகச் சிறு புள்ளிகள் தட்டுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்துக் காயவிடுங்கள். சொரசொரப்பு நிற்கும், வியர்வை மரத்துக்குள் இறங்காது.

ட்ரிகரைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் திருகைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். உள்ளே உள்ள கொக்கியை அரத்தால் தேய்த்து மிருதுவாக்கப் போனால், பிஸ்டல் கை பட்டதும் தானாக வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். போட்டி விதிப்படி ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். கிளப்பில் அதற்கான எடை இருந்தால், பயிற்சியாளர் முன்னிலையில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

ரேஞ்சில்

பிஸ்டல் பெட்டிக்குள், குழல் காலி என்று காட்ட அதில் செருகும் பாதுகாப்புக் கொடி, கண்ணில் கண்ணாடி. அழைப்பு வரும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே, குழல் எப்போதும் இலக்குப் பக்கம். இதெல்லாம் பழகும்வரை ஒருவர் கூட நிற்கட்டும்.

தட்டைத் தலை பெல்லட்டையே பயன்படுத்துங்கள், அது காகிதத்தில் வட்டமாகத் துளை போடும், எண்ண எளிது. முதலில் முன்கையை மணல் பையில் சாய்த்து ஐந்து பெல்லட் சுடுங்கள். இது உங்களைச் சோதிக்க அல்ல, பிஸ்டலைச் சோதிக்க. ஐந்து துளையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் போதும். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், ஒன்பதாம் வளையம் 27.5. அடங்கவில்லையா? 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு மாறும் பெல்லட்டுகளை முயன்று பாருங்கள். ஒரே பிஸ்டல் ஒன்றைச் சிதறடிக்கும், இன்னொன்றைச் சேர்த்து அடிக்கும்.

அடுத்து ஒரு கையில் நின்று சுடுங்கள். துளைகள் எங்கே கூடியிருந்தாலும் பரவாயில்லை, கூடியிருக்கின்றனவா என்பதே கேள்வி. கூட்டம் உருவாவதற்கு முன்னால் சைட்டைத் தொடுவது வீண் வேலை. துளைகள் மேலும் கீழுமாக நீண்டு கிடந்தால் பெரும்பாலும் மணிக்கட்டு தளர்கிறது, கீழ்ப்பலகையைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். வலது கையால் சுடுபவருக்கு இடப்பக்கமாக ஓடினால் சுட்டுவிரல் மரத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். அரத்தை ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள். குறித்துக்கொண்டு வந்து வீட்டில் கொஞ்சம் செதுக்குங்கள்.

கூட்டம் ஒரே இடத்தில் விழத் தொடங்கிய பிறகுதான் சைட். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் பின் சைட் வலப்பக்கம், மேலே போக வேண்டுமென்றால் மேலே. நாலைந்து பெல்லட் சுட்டுக் கூட்டத்தின் நடுவைப் பார்த்து மட்டும் திருப்புங்கள்.

நடுவுக்கு வந்ததும் திருகுகளை இறுக்கி, சைட் எத்தனை கிளிக்கில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் ஊதும், ஆகவே ஐப்பசி வந்ததும் கைப்பிடித் திருகையும் கரித்தூள் சோதனையையும் ஒருமுறை பாருங்கள். பெல்லட் ஈயம் என்பதால், ரேஞ்சிலிருந்து கிளம்பியதும் டீக்கடைக்குப் போவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.