சீன ஜாடியைப் 'படிக்க' கத்துக்கலாம் வாங்க: சாகாவரச் சின்னங்கள்

மியூசியத்துல சீனப் பீங்கான் ஜாடி முன்னாடி நின்னு "சூப்பரா இருக்குல்ல"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம்ல, அடுத்த தடவை ரெண்டு நிமிஷம் நின்னு இப்படிப் பாருங்க.

ஸ்டெப் 1: முகத்தை விடுங்க, கையைப் பாருங்க. தாவோ மதத்துல சாகாவரம் வாங்கின எட்டுப் பேர் உண்டு, வேலைப் பார்த்தா முருகன்னு நமக்குத் தெரியுற மாதிரி அவங்களுக்கும் ஆளுக்கொரு பொருள். ஊன்றுகோலும் சுரைக்குடுவையும்னா லி தியேகுவாய், வாள்னா லியூ தோங்பின், தாமரைன்னா ஹே ஷியான்கூ, மூங்கில் மேளம்னா ஜாங் குவோலாவ் (இவரு ஊர் சுத்திட்டு வந்ததும் கழுதையைப் பேப்பர் மாதிரி மடிச்சு வச்சுக்குவாராம், பார்க்கிங் தொல்லையே இல்ல). மிச்ச நாலு பேருக்கு விசிறி, புல்லாங்குழல், பூக்கூடை, தாளக்கட்டை.

சிக்கல் என்னன்னா நிறைய ஜாடில ஆளே இருக்க மாட்டாங்க, ரிப்பன் சுத்தின பொருள் மட்டும்தான் இருக்கும், இதுக்கு 'மறைஞ்ச எட்டுப் பேர்'னே பேரு. நான் ரொம்ப நாளா தாமரையைப் பார்த்தாலே தாவோன்னு அடிச்சு விட்டுட்டு இருந்தேன், பௌத்த மங்கலச் சின்னம் எட்டுலயும் தாமரை இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கூடவே சங்கு, சக்கரம் இருந்தா பௌத்தம், வாளும் குடுவையும் இருந்தா தாவோ.

ஸ்டெப் 2: படத்தை வாய்விட்டுச் சொல்லுங்க, சீனத்துல. வௌவால் 'ஃபூ', நற்பேறும் 'ஃபூ', அதான் நாம அபசகுனம்னு நினைக்கிறது அங்க ஜாடி பூரா பறக்குது. தலைகீழா தொங்கினா இன்னும் விசேஷம், 'தலைகீழ்'க்கும் 'வந்தாச்சு'க்கும் ஒரே ஓசை, ஆக நற்பேறு வந்தாச்சு!

ஸ்டெப் 3: நாரை, பைன் மரம், லிங்ஷி காளான், பீச் பழம் எல்லாமே நீண்ட ஆயுள். 'மேற்கின் ராணித்தாய்'ங்கிற பெண் தெய்வத்தோட தோட்டத்து பீச் 3000 வருஷத்துக்கு ஒருக்காதான் பழுக்குமாம். புடைச்ச நெத்தியோட ஒரு தாத்தா பீச் வச்சிருந்தா அவர் ஷோலாவ், ஆயுள் தெய்வம்.

ஸ்டெப் 4: எந்த ராஜா காலம்னு பாருங்க. மிங் பேரரசர் ஜியாஜிங் (ஆட்சி 1521–1567) தாவோ பைத்தியம், அவர் காலத்து ஜிங்தேஜென் (பீங்கானுக்குப் பேர்போன சீன ஊர்) நீலப் பீங்கான்ல நாரையும் சுரைக்காய் வடிவ ஜாடியும் குவிஞ்சு கிடக்கும். சாகாமருந்தெல்லாம் சாப்பிட்டும் மனுஷன் 59 வயசுல போய்ச் சேர்ந்துட்டாரு.

இப்ப ஹோம்வொர்க். சிங் பேரரசர் யோங்ஜெங் காலத்து ஜாடி ஒண்ணு, அமெரிக்காவுல ஒரு வீட்டுல லேம்ப் ஸ்டாண்டா கிடந்துச்சு, 2002ல ஹாங்காங் ஏலத்துல 4.15 கோடி ஹாங்காங் டாலருக்குப் போய் இப்ப ஷாங்காய் மியூசியத்துல இருக்கு. அதுல எட்டு பீச், ரெண்டு வௌவால். என்ன சொல்லுதுன்னு கமெண்ட்ல போடுங்க.