பெரிய கோப்புகளைத் தொலைவிலுள்ள நண்பருக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமண வீடியோ, கோணேசர் கோயில் திருவிழாப் பதிவு, அப்பப்பா காலத்துப் படங்களின் ஸ்கேன் பிரதிகள் என்று, திருகோணமலையிலிருந்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பெரிய கோப்புகளை அனுப்ப வேண்டிய தேவை இங்கே பல வீடுகளில் இருக்கிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் கோப்பு போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். எடுத்தபடியே, குறைவின்றிப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியே முக்கியமானது.

மிகப் பரவலான தவறு, வீடியோவை வட்ஸ்அப்பில் கலரியிலிருந்து தெரிவுசெய்து அனுப்புவதாகும். அவ்வாறு அனுப்பும்போது செயலி அதைச் சுருக்கிவிடுகிறது. சிறிய திரையில் பார்க்கும்போது இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. உப்புவெளியில் நடந்த ஒரு திருமணத்தின் பதிவை இவ்விதம் பெற்ற நண்பர் அதைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தால், மணப்பெண் அசையும்போதெல்லாம் கூறைச் சேலையின் சரிகை சதுரம் சதுரமாக உடைந்து தெரியும். கெட்டிமேளத்தின்போது தவில்காரரின் விரல்கள் மங்கிக் கலைந்துவிடும். இழந்த இந்த நுணுக்கத்தை அந்தப் பிரதியிலிருந்து மீட்க வழியில்லை. அதே வட்ஸ்அப்பில் இணைப்புக் குறியை அழுத்தி, கலரிக்குப் பதிலாக ‘டொக்யூமென்ட்’ என்பதைத் தெரிவுசெய்தால் 2 ஜிகாபைட் வரையுள்ள கோப்பு மாற்றமின்றிச் செல்லும். டெலிகிராமிலும் கட்டணமின்றி அனுப்பக்கூடிய அளவு 2 ஜிகாபைட்தான். அங்கும் கோப்பாகவே அனுப்ப வேண்டும்.

மின்னஞ்சலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜிமெயிலின் எல்லை 25 மெகாபைட்; இணைக்கப்படும் கோப்பு அனுப்புவதற்காகக் குறியாக்கம் செய்யப்படும்போது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெருக்கும் என்பதால், 20 மெகாபைட் கோப்புக்கூடச் சிக்கலாகலாம். வீடியோவுக்கு அது ஏற்ற வழியன்று.

அடுத்த தவறு, இன்னும் பெரிய கோப்பை இணையச் சேமிப்பில் ஏற்றும் வேலையை நேரத்தைக் கணக்கிடாமல் தொடங்குவது. இணையப் பொதியின் விளம்பரத்தில் காணும் வேகம் பதிவிறக்க வேகம். பதிவேற்ற வேகம் வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதுவும் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது, கோப்பின் அளவோ மெகாபைட்டில் இருக்கிறது. ஒரு பைட் என்பது 8 பிட். எனவே நொடிக்கு 5 மெகாபிட் பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில் 12 ஜிகாபைட் திருமண வீடியோவை ஏற்றுவதற்கு, இடையில் எந்தத் தடையும் வராவிட்டால்கூட, 5 மணி 20 நிமிடம் பிடிக்கும். பதிவேற்றமும் பெரும்பாலும் பொதியின் அளவிலிருந்தே கழியும். பகலுக்கும் இரவுக்கும் டேட்டா தனித்தனியாக ஒதுக்கப்பட்ட பொதி வைத்திருப்பவர்கள், இரவு அளவு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பார்த்து அந்த நேரத்தில் ஏற்றுவதே சரி.

இத்தனை மணி நேர வேலையை இணைய உலாவியின் ஒரு தாவலை மட்டும் நம்பி விட்டுவிடுவதும் தவறே. தாவலை மூடினால் பதிவேற்றம் நின்றுவிடும். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினாலோ அது தானாக உறங்கினாலோ அதே கதிதான். கார்த்திகை, மார்கழி அடைமழைக் காலத்தில் மின்சாரம் போய்வரும்போது மடிக்கணினி மின்கலத்தில் ஓடினாலும் ரவுட்டர் அணைந்துவிடும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. கோப்புகளை இணையத்தில் சேமித்துப் பகிர உதவும் கூகுள் ட்ரைவின் கணினிச் செயலியை நிறுவிக்கொண்டால், இணைப்பு அறுந்து மீண்டும் வந்ததும் அது தானாகவே வேலையைத் தொடரும்.

செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருளால் கோப்பை 500 மெகாபைட் துண்டுகளாகப் பிரித்து அனுப்புவது இன்னொரு நல்ல வழி. ஒரு துண்டு பழுதானால் அதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். நண்பர் எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, 001 என்று முடியும் முதல் துண்டைத் திறக்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். ஆனால் ஸிப் செய்தால் வீடியோ சிறிதாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எம்பி4 வீடியோவும் ஜேபெக் படமும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்கக் கணினி வெகுநேரம் உழைத்தாலும் மிச்சமாகும் இடம் மிகச் சொற்பம்.

அனுமதி கொடுக்காமல், கோப்பைத் திறக்கும் இணைய முகவரியான சுட்டியை மட்டும் அனுப்பும் பிழையைச் சிறியதென்று தள்ள முடியாது. ட்ரைவில் ஏற்றிய கோப்பு, நாம் பகிரும்வரை நமக்கு மட்டுமே திறக்கும். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். நண்பர் வேலை முடிந்து மாலை 6 மணிக்குச் சுட்டியைத் திறந்து அனுமதி கேட்கும்போது இங்கே விடியப்புறம் மூன்றரை மணி, குளிர்காலமானால் நாலரை மணி. நாம் எழுந்து அனுமதி கொடுக்கும்போது அவர் படுக்கப் போயிருப்பார். ஒரு பொத்தானை அழுத்தாததால் ஒரு முழு நாள் வீணாகிறது. இதற்குப் பயந்து சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிடுவது குடும்பப் படங்களுக்கு நல்லதன்று. சுட்டி எந்தக் குழுவுக்கும் போய்விடலாம். நண்பரின் மின்னஞ்சல் முகவரியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அந்த முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கடவுச்சொல் போட்ட கோப்பானால், அந்தச் சொல்லைச் சுட்டியோடு சேர்த்து எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

பெறுபவர் பென்டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க விரும்பினால், எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் வடிவமைத்த (ஃபோர்மட் செய்த) பென்டிரைவ் 4 ஜிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பை ஏற்காது. தொலைக்காட்சி ஏற்குமானால் எக்ஸ்எஃப்ஏடி முறையில் வடிவமைக்கலாம். இல்லாவிட்டால் வீடியோவையே சடங்கு வாரியாகப் பிரித்துத் தர வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, கோப்பு ஏறிவிட்டது என்ற அறிவிப்பைக் கண்டதும் நினைவக அட்டையை அழித்துவிடுவது. ஏறியது என்றால் சேவைக் கணினிக்குப் போனது என்றுதான் பொருள். நண்பர் இறக்கி, திறந்து, கடைசிவரை ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும்வரை மூலப் பிரதியில் கை வைக்கக் கூடாது. இரு பக்கமும் கோப்பின் அளவு கடைசி பைட் வரை ஒன்றா என்று பாருங்கள். ஐயமிருந்தால் செவன்-ஸிப்பிலேயே, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்புக் குறியை இருவரும் எடுத்து ஒப்பிடலாம். 64 எழுத்தும் இலக்கமும் அப்படியே பொருந்தினால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது.

நண்பர் உறுதிசெய்த பிறகு ட்ரைவிலுள்ள பிரதியை நீக்கிவிடுங்கள், குப்பைத் தொட்டியையும் காலிசெய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடத்தை ட்ரைவோடு ஜிமெயிலும் கூகுள் ஃபோட்டோஸும் சேர்ந்தே பங்கிடுகின்றன. அது நிறைந்துவிட்டால் உங்களுக்கு மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும்.